ஃப்ரிட்ஜ் இல்ல, ஷிஃப்ட் வேலை, ஒத்தை ரூம், சுகர் 6.1: என்ன சமைச்சுச் சாப்பிடுறது?

கரிசக்காடு:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

வயசு 31. சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். ஒரகடத்துல கார் பார்ட்ஸ் செய்யுற ஒரு கம்பெனியில 7 வருஷமா இருக்கேன். படப்பையில மூணாவது மாடியில ரூம். போன தை வரைக்கும் ரெண்டு பேரா இருந்தோம். கூட இருந்தவன் கல்யாணம் முடிஞ்சு மறைமலை நகருக்குக் குடி போயிட்டான். போகும்போது அவனோட கேஸ் அடுப்பும் சேர்ந்து போயிடுச்சு. அவன் சமைப்பான், நான் பாத்திரம் கழுவுவேன், இதுதான் எங்க ஒப்பந்தம். இப்ப கழுவ ஆள் இருக்கு, சமைக்கத்தான் ஆள் இல்ல.

ஷிஃப்ட் வாரா வாரம் மாறும். ஏ ஷிஃப்ட் காலை 6 மணிக்கு, பி மதியம் 2 மணிக்கு, சி ராத்திரி 10 மணிக்கு. ஷிஃப்டுக்கு ஒரு சாப்பாடு கேன்டீன்ல உண்டு. சோறு எவ்வளவு வேணாலும் போடுவாங்க, பொரியல் மட்டும் கரண்டி நுனியில வரும். பி ஷிஃப்ட் முடிச்சு பஸ் இறக்கி விடும்போது மணி பத்தே முக்கால் ஆயிடும். அந்நேரத்துக்கு வெளிச்சமா இருக்குற கடை பரோட்டா கடை மட்டும்தான். நாலு பரோட்டா, சால்னா, சில நாள் கூட ஒரு ஆம்லெட். இடையில அஞ்சு டீ. டீயோட ஒரு பஜ்ஜியோ போண்டாவோ வந்துடும், அதை நான் கணக்குலயே சேர்க்கிறதில்ல.

போன மாசம் கம்பெனியில வருஷாந்திர செக்கப். எச்பிஏ1சின்னு ஒரு சுகர் டெஸ்ட், அதுல 6.1. உயரம் 170, எடை 84. "பார்டர்ல இருக்கு, சாப்பாட்டப் பாத்துக்கோங்க"ன்னு டாக்டர் சொன்னார். வெளிய இன்னும் முப்பது பேர் நின்னாங்க, அதுக்கு மேல அவராலயும் சொல்ல முடியாது. எங்க அப்பாவுக்கு 42 வயசுல சுகர் வந்தது. இன்சுலினும் ஊசியுமா அவர் படுறதப் பாத்துக்கிட்டேதான் வளந்தேன். அதனால இந்த 6.1 எனக்கு வெறும் நம்பரா தெரியல.

ரூம்ல இருக்குற சாமான்: ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு கெட்டில், அம்மா கொடுத்த அஞ்சு லிட்டர் அலுமினிய குக்கர். அந்த குக்கர் இண்டக்‌ஷன்ல சூடாகாதுன்னு வாங்கி வந்த பிறகுதான் தெரிஞ்சுது. இப்ப கட்டிலுக்கு அடியில இருக்கு, உள்ள வெங்காயம் போட்டு வெச்சிருக்கேன். ஃப்ரிட்ஜ் கிடையாது, வாங்குற யோசனையும் இப்போதைக்கு இல்ல.

ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் ஒதுக்கலாம். பாத்திரம் ரெண்டுக்கு மேல போகக் கூடாது. இதுக்குள்ள ஏதாவது வழி இருக்கா?

ஜிம் தம்பி:

ரொம்ப சிம்பிள் ப்ரோ. காலையில ஓவர்நைட் ஓட்ஸ், சியா விதை, கிரீக் யோகர்ட். ஞாயித்துக்கிழமை சிக்கன் ஒரு கிலோ மேரினேட் பண்ணி ஏழு டப்பாவுல போட்டு ஃப்ரீசர்ல வெச்சிடுங்க. தினம் ஒரு டப்பா எடுத்து ஏர் ஃப்ரையர்ல போட்டா முடிஞ்சது.

கரிசக்காடு:

தம்பி, ஃப்ரிட்ஜ் இல்லன்னு தலைப்புலயே போட்டிருக்கேனே.

ஜிம் தம்பி:

அட ஆமா. சாரி ப்ரோ. அப்ப முட்டை.

நைட் டூட்டி அக்கா:

தம்பி, நான் அரசு ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸ். 16 வருஷத்துல பாதி நைட் டூட்டியில போச்சு, அதனால உங்க சி ஷிஃப்ட் எனக்கு நல்லாவே புரியும்.

முதல்ல அந்த 6.1. 5.7க்குக் கீழ இருந்தா பிரச்சினை இல்ல. 5.7ல இருந்து 6.4 வரை சுகருக்கு முந்தின நிலை. 6.5ம் அதுக்கு மேலயும் போனாதான் சுகர்னு சொல்லுவாங்க. நீங்க நடுவுல நிக்கிறீங்க, இங்கருந்து திரும்பி வந்தவங்க நிறைய பேர் உண்டு. கடைசி ரெண்டு மூணு மாசத்து கதைதான் அந்த டெஸ்ட்ல தெரியும். அதனால அடுத்த வாரமே ஓடிப் போய் ரத்தம் கொடுக்காதீங்க, மூணு மாசம் கழிச்சுப் பாருங்க. அப்பாவுக்கும் இருக்கிறதால ஒரு டாக்டரை நிதானமா ஒரு தடவை பார்த்துடுங்க. செக்கப் வரிசையில நின்னு கேட்டது போதாது.

அடுத்தது டீ. கடை டீயில ரெண்டு ஸ்பூன் சர்க்கரை இருக்கும்னு வெச்சா, அஞ்சு டீக்குப் பத்து ஸ்பூன், கிட்டத்தட்ட 40 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2015லயே சொல்லியிருக்கு. நீங்க டீயிலயே அதைத் தாண்டிட்டீங்க, பரோட்டாகிட்ட நான் இன்னும் வரவே இல்ல. ஒரே நாள்ல சர்க்கரையை நிறுத்தாதீங்க, மூணாம் நாள் தோத்துடுவீங்க. முதல் வாரம் "சர்க்கரை கம்மி". அடுத்த வாரம் அஞ்சுல ரெண்டு டீ "சர்க்கரை இல்லாம". டீ மாஸ்டருக்கு முகம் பழகிட்டா நீங்க வாயத் திறக்கவே வேண்டாம், அவரே போட்டுக் கொடுத்துடுவார்.

சி ஷிஃப்டுக்கு: ஒன்பது மணிக்கு ரூம்லயே வயிறு நிறையச் சாப்பிட்டுட்டுப் போங்க. மூணு மணிக்கு வர்ற பசி பாதி தூக்கம்தான். அப்ப பிஸ்கட் பாக்கெட் கையில இருந்தா முழு பாக்கெட்டும் போயிடும், நான் பட்டிருக்கேன். வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி பையில வெச்சுக்கோங்க. காலையில வந்து வெறும் வயித்தோட படுக்க வேண்டாம். கனமாவும் வேண்டாம், ரெண்டு இட்லி போதும்.

பழைய ரெப்:

தம்பி, நான் மருந்து ரெப்பா 22 வருஷம் சேலம், தர்மபுரி, வேலூர்னு ஒத்தை ரூம்லயே காலத்த ஓட்டினவன். கல்யாணம் பண்ணிக்கல. மேனேஜர், டார்கெட் எல்லாம் மறந்து போச்சு, ரூம் சமையல் மட்டும் இன்னும் கையில நிக்குது. அதனால கொஞ்சம் உரிமையோட எழுதுறேன்.

நீங்க (நானும்தான்) பண்ணின தப்பு ஒண்ணு. சமையல்னா சோறு, குழம்பு, கூட்டு, ரசம்னு வீட்டுச் சமையல் முழுசா மனசுல ஓடும். ஒரு ஆளுக்கு அத்தனையும் செய்யணுமான்னு மலைப்பு வரும், நேரா கடைக்குப் போயிடுவோம். மலைக்க வேண்டிய அவசியமே இல்ல. நம்ம ஊர்ல சோறும் இட்லியும் தோசையும் எந்தத் தெருவுலயும் கிடைக்கும். கிடைக்காதது ரெண்டே ரெண்டு: காய், பயறு. கடையில கிடைக்காததை மட்டும் ரூம்ல செய்யுங்க, மத்ததை வாங்கிக்கோங்க.

வேலூர்ல இருக்கும்போது ஒரு நாள் வேடிக்கையா ஒண்ணு செஞ்சேன். மெஸ் பார்சல்ல வந்த பொரியலைப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைத் தராசுல வெச்சேன். 35 கிராம். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு நாளைக்குக் கீரையோட சேர்த்துக் காய் 400 கிராம், பருப்பு பயறு (முட்டை, கறியும் இதுலதான் சேரும்) 85 கிராம்னு ஹைதராபாத்ல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல போட்ட வழிகாட்டியில இருக்கு. மூணு வேளையும் மெஸ்ஸுக்குப் போனாலும் எனக்கு நூறு கிராமுக்குப் பக்கம்தான் தேறியிருக்கும்.

செய்முறைக்கு வர்றேன். முதல்ல குக்கர். ரெண்டு லிட்டரோ மூணு லிட்டரோ, அடிப்பகுதி இண்டக்‌ஷனுக்கு ஏத்ததா வாங்குங்க. கடைக்குப் போகும்போது சட்டைப் பையில ஒரு காந்தத் துண்டு போட்டுக்கோங்க. அடியில நல்லா ஒட்டினா அடுப்புல சூடாகும். எழுதியிருக்கிறதை நம்பாதீங்க, காந்தத்தை நம்புங்க.

ரூமுக்குள்ள நுழைஞ்சதும் உட்காராதீங்க. இதுதான் முக்கியம். கட்டில்ல உட்கார்ந்து போனைக் கையில எடுத்துட்டா அன்னைக்குப் பரோட்டாதான். சட்டையைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு பெரிய கைப்பிடி பச்சைப் பயறு (50 கிராம் இருக்கும்) கழுவிக் குக்கர்ல போட்டு, ரெண்டு டம்ளர் தண்ணி, ரெண்டு பல் பூண்டு, மஞ்சள் தூள். பச்சைப் பயறை ஊற வைக்க வேண்டாம், அதான் அதோட பெருமை. இண்டக்‌ஷன்ல சூடு சட்டுனு ஏறும். முழு வேகத்துல வெச்சா பயறு வேகாமலே நாலு விசிலும் வந்துடும். முதல் விசிலுக்கு அப்புறம் வாட்டைக் குறைச்சு, நாலு விசில் ஆனதும் அணைச்சிடுங்க. நீங்க குளிச்சு வர்றதுக்குள்ள அது அடங்கியிருக்கும்.

திறந்து, அதே பயறு மேல நறுக்கின கோஸ், கேரட், பீன்ஸ் எது இருக்கோ ரெண்டு கைப்பிடி. உப்பு. வெயிட் போடாம சும்மா மூடி அஞ்சு நிமிஷம். காயை முதல்லயே பயறோட போட்டா களியாயிடும், முதல் ஒரு வருஷம் அந்தக் களியைத்தான் தின்னேன். இறக்கி அரை மூடி எலுமிச்சை, ஒரு ஸ்பூன் பச்சை நல்லெண்ணெய், ஒரு ஸ்பூன் பருப்புப் பொடி. தாளிப்பு வேண்டாம். தாளிச்சா கரண்டி, வாணலி, அடுப்புக்குப் பின்னாடி சுவர்னு கழுவ மூணு சாமான் கூடும். குக்கர்லயே ஸ்பூன் போட்டுச் சாப்பிடுங்க, யார் பார்க்கப் போறா? தெருமுனையில வாங்கின இட்லி மூணு பக்கத்துல வெச்சுக்கோங்க.

எதையும் ரெண்டு வேளைக்குச் சேர்த்து வேக வைக்காதீங்க. மூணாவது மாடி, மொட்டை மாடிக்குக் கீழன்னா ரூம் சட்டி மாதிரி சூடாகும். காலையில வெச்சது ராத்திரிக்கு நிக்காது. கொண்டைக்கடலை ஊற வைக்கிறதானா ராத்திரி படுக்கும்போது போட்டுக் காலையில வேக வைங்க. பகல்ல ஊறப் போட்டுட்டு ஷிஃப்ட் போகாதீங்க.

ஃப்ரிட்ஜ் இல்லாம எந்தக் காய் நிக்கும்? முட்டைக்கோஸ் முழுசா இருந்தா நாலஞ்சு நாள். வெளி இலையை உரிச்சு உரிச்சு எடுங்க, கத்தி வெச்சா வெட்டுவாய் கறுக்கும். கேரட், பீட்ரூட்டை ஈரம் இல்லாத துணியில சுத்தினா மூணு நாள். பூசணியைக் கீத்து போட்டு வாங்கினா அன்னைக்கே முடிக்கணும். கீரை வாங்கின அன்னைக்கு மட்டும். முட்டை ஆறு ஆறா வாங்குங்க, ஜன்னல் வெயில் படாம வெச்சா போதும். சந்தேகம் வந்தா தண்ணியில போடுங்க, மிதந்தா தூக்கிப் போட்டுடுங்க.

அப்புறம் அந்தப் பத்தே முக்கால் பரோட்டா கடை. அங்க போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன், பசியில இருக்குறவனுக்கு அது வீண் பேச்சு. போய் உட்கார்ந்து "ரெண்டு கலக்கி, ஒரு கல்தோசை, வெங்காயம் நிறைய"ன்னு சொல்லுங்க. அதே கல்லு, அதே மாஸ்டர்தான். பில்லும் கிட்டத்தட்ட அதேதான் வரும்.

கேன்டீன்ல பொரியல் போடுறவர் பேரைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. பேர் சொல்லிக் கேட்டா ரெண்டாவது கரண்டி விழும். 22 வருஷ ரெப் அனுபவத்துல உருப்படியா கத்துக்கிட்டது அது ஒண்ணுதான்.

மாடித்தோட்டம்:

ரெப் ஐயா சொன்னது சரி. ஆனா சிறுதானியத்தை விட்டுட்டாரே. அரிசியை விட்டுட்டு தினை, சாமை, வரகுக்கு மாறுங்க. சுகர் ஓடியே போயிடும்.

நைட் டூட்டி அக்கா:

ஓடாதுங்க. சாமையிலும் மாவுச்சத்துதான் அதிகம். தீட்டாத சாமையில நார் கூட இருக்கும், அது நல்லது, ஒத்துக்குறேன். ஆனா "சுகருக்கு நல்லது"ன்னு சொல்லிக்கிட்டு ரெண்டு தட்டு சாமைப் பொங்கல் சாப்பிட்டு வார்டுக்கு வர்றவங்களை நான் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். தட்டுல எது இருக்குங்கிறதோட எவ்வளவு இருக்குங்கிறதும் முக்கியம்.

இன்னொண்ணு. ரெப் அண்ணன் சொன்ன 50 கிராம் பயறுல புரதம் 12 கிராம் வரும். ரெண்டு முட்டையில இன்னொரு 12. ஒரு கைப்பிடி கடலையில 7. ஒரு கப் தயிர்ல 6. கேன்டீன் சாம்பாரும் சேர்ந்தா ஒரு நாளைக்குத் தேவையானது பெரும்பாலும் வந்துடும். பவுடர் டப்பா வாங்கச் சொல்லி யாராவது வந்தா வாங்காதீங்க. (ஜிம் தம்பி, உங்களைச் சொல்லல.)

ஜிம் தம்பி:

நான் எதுவும் சொல்லலியே அக்கா.

தனியாள்:

நான் ஹோசூர்ல பேங்க்ல வேலை, 38 வயசு, தனியா இருக்கேன். எனக்கு இங்க யாரும் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. "ஒருத்திக்காக என்ன சமைக்கிறது"ன்னு ஒரு அலுப்பு வரும். நேரம் இருந்தாலும் வரும். அந்த மாதிரி நாளுக்குன்னு ஒரு சாப்பாடு வெச்சுக்கோங்க, யோசிக்கவே வேண்டாத ஒண்ணு. எனக்கு அது தயிர்ல வெள்ளரிக்காயும் சின்ன வெங்காயமும் அரிஞ்சு போட்டு, ஒரு பிடி அவல் ஊற வெச்சுக் கலந்தது, மேல கடலை. ஆறு நிமிஷம். அன்னைக்கு அதுக்கு மேல எதையும் எதிர்பார்க்க மாட்டேன்.

ரெப் சார் சொன்ன மாதிரி நானும் குக்கர்லயே சாப்பிட்டேன் ரொம்ப நாள். ஒரு கட்டத்துல மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இப்ப ஒரு நல்ல தட்டு வாங்கியிருக்கேன். அதைக் கழுவ அரை நிமிஷம் ஆகுது, பரவாயில்ல.

பழைய ரெப்:

தட்டு விஷயத்துல நீங்க சொல்றது சரிம்மா. எனக்கு யாரும் சொல்லல.

கரிசக்காடு (நாலு வாரம் கழிச்சு):

எல்லாருக்கும் நன்றி. சொன்னதுல எது நின்னுது, எது நிக்கலன்னு எழுதிடுறேன்.

குக்கர் வாங்கியாச்சு. காந்தத்துக்கு எங்க போறதுன்னு யோசிச்சு, பழைய ஸ்பீக்கர் ஒண்ணை உடைச்சு உள்ள இருந்த காந்தத்தை எடுத்துட்டுப் போனேன். கடைக்காரர் நாலு குக்கரை எடுத்துப் போட்டார், நாலுலயும் இண்டக்‌ஷன் படம் போட்டிருந்துச்சு. ஒண்ணுல சரியா ஒட்டவே இல்ல. அவருக்கே ஆச்சரியம். ரெண்டு லிட்டர் வாங்கினேன்.

பகல்ல கொண்டைக்கடலை ஊற வைக்காதீங்கன்னு ரெப் அண்ணன் சொன்னாரு. அதையும் படிச்சுட்டு, பி ஷிஃப்ட் போகும்போது மதியம் ஒரு மணிக்கு ஊறப் போட்டுட்டுப் போனேன். ராத்திரி 11 மணிக்குக் கதவைத் திறந்தா புளிச்ச வாடை. தண்ணிக்கு மேல சோப்பு நுரை மாதிரி நிக்குது. அப்படியே கொட்டிட்டுக் கலக்கி சாப்பிடப் போனேன். கலக்கி சொன்னதும் பரோட்டா மாஸ்டர் "என்னண்ணே, உடம்புக்கு முடியலயா?"ன்னு கேட்டார். இப்ப என்னைப் பார்த்ததும் முட்டையை எடுத்துடுறார்.

பச்சைப் பயறும் கோஸும் வாரத்துல நாலு நாள் ஓடுது. சட்டை கழட்டுறதுக்கு முன்னாடி குக்கர் வைக்கிறது நிஜமாவே வேலை செய்யுது. உட்கார்ந்த ரெண்டு நாளும் பரோட்டாதான், அப்படியே நடந்துச்சு. மத்த நாள் தட்டப்பயறு. அதுக்கு ஆறு விசில் வேணும், ராத்திரி ஊற வெச்சா நாலு.

டீ அஞ்சுல இருந்து மூணு. ரெண்டுல சர்க்கரை இல்ல. சி ஷிஃப்ட் வாரம் மட்டும் இன்னும் பிடிபடல. அக்கா சொன்ன கடலை நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் கோவில்பட்டிக்காரன், ஊருக்குப் போயிட்டு வந்தா பையில கடலை மிட்டாய் இருக்கும். 2020ல புவிசார் குறியீடு வேற வாங்கிட்டோம், பெருமைக்காவது தின்ன வேண்டியிருக்கு. போன சி ஷிஃப்ட்ல ராத்திரி மூணு மணிக்கு ஒரு பாக்கெட் காலி. இனிமே பாக்கெட்டை கேன்டீன்ல பொரியல் போடுற அண்ணன்கிட்ட கொடுத்துடலாம்னு இருக்கேன். அவர் பேரும் தெரிஞ்சுகிட்டாச்சு.

எடை 82.4. டெஸ்டுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு.

ஒரு சந்தேகம். சாளை மீனை இதே குக்கர்ல வைக்கலாமா? ஹவுஸ் ஓனர் சைவம், கீழ் வீட்டுலதான் இருக்காங்க, வாடை இறங்கிடுமோன்னு பயமா இருக்கு.

நேத்து அம்மா போன்ல என்ன சாப்பிட்டேன்னு கேட்டாங்க. "தட்டப்பயறும் கோஸும் அவிச்சது"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "ஏய்யா, மாட்டுக்கா வச்ச?"ன்னாங்க. அடுத்த வாரம் பருப்புப் பொடி ரெண்டு கிலோ பஸ்ல வருது.

பழைய ரெப்:

சாளையை அந்தக் குக்கர்ல வைக்காதீங்க, ரப்பர் வளையம் வாடையைப் பிடிச்சு வெச்சுக்கும், அப்புறம் பயறுக்கும் மீன் வாடை. ஞாயித்துக்கிழமை எதாவது மீன் சாப்பாட்டுக் கடைக்குப் போய் சாப்பிடுங்க. பொடியில எனக்கு ஒரு கால் கிலோ.